கூடத்து இரைச்சலும் கூரை அட்டையும்

மாலை ஆறு மணிக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக் கூடத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அடுக்களையில் குக்கர் விசிலடிக்கிறது. அதற்குப் போட்டியாக மிக்ஸி உறுமுகிறது. கூடத்தில் தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகி அழுகிறாள். அவள் அழுகை தனக்குச் சரியாகக் கேட்கவில்லையென்று அப்பா இன்னும் கொஞ்சம் ஒலியைக் கூட்டுகிறார். தம்பி நாற்காலியை இழுக்கிறான். இத்தனைக்கும் நடுவில் ஒரு மூலையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, இரு காதுகளையும் விரல்களால் அடைத்தபடி, நாளைய பரீட்சைக்குப் படிக்கிறாள் நம் மாணவி ஒருத்தி. இன்னொரு மூலையில், காதொலிக் கருவி அணிந்த பாட்டி, யார் என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாமல் எழுந்து தம் அறைக்குப் போய்விடுகிறார்.

இந்தக் காட்சியில் இருவருக்கு நட்டம் உண்டாகிறது. ஒருத்திக்குப் படிப்பு போகிறது. மற்றவருக்குக் குடும்பத்தாரோடு கூடிப் பேசும் இன்பம் போகிறது. இரண்டுமே சிறிய நட்டங்கள் அல்ல.

"கூரையில் சத்தத்தை உறிஞ்சும் டைல் ஒட்டினால் இரைச்சல் நின்றுவிடுமாமே?" என்று பெற்றோர் சிலர் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். நிற்கும் என்றும் சொல்ல முடியாது, நிற்காது என்றும் சொல்ல முடியாது. எந்த இரைச்சல் குறையும், எது குறையாது என்பதைப் பிரித்தறிந்துகொண்டால்தான் கைப்பணம் வீணாகாது. பத்தாம் வகுப்பு மாணவியருக்கு ஒலியைப் பற்றிய பாடம் உண்டு. அந்தப் பாடத்தை வகுப்பறையிலிருந்து வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு போவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டைல் என்றவுடன் குளியலறைச் சுவரில் பதிக்கும் பளபளப்பான ஓடு சிலருக்கு நினைவுக்கு வரும். அதுவல்ல இது. அந்த ஓடு ஒலியைத் திருப்பியடிக்கும் பொருள்களில் முதன்மையானது. குளியலறையில் யார் பாடினாலும் பாகவதர் போலக் கேட்பது அதனால்தான். நாம் பேசப்போவது மிருதுவான, எடை குறைந்த, நுண்துளைகள் நிறைந்த ஒரு வகை அட்டையைப் பற்றி. பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரமாக, ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் கனத்தில், அலுமினியம் அல்லது இரும்புச் சட்டங்களில் பொருத்திக் கூரைக்குக் கீழே தொங்கவிடுவார்கள். வங்கிகளிலும் அலுவலகங்களிலும் அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

ஒலி நம் அறைகளில் என்ன செய்கிறது? காற்றில் அது விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கூடத்தில், அது ஒரு விநாடிக்குள் சுவர், தரை, கூரை என்று நூறு முறைக்கு மேல் மோதித் திரும்பிவிடும். ஒவ்வொரு மோதலிலும் தன் ஆற்றலில் சிறிதை இழக்கிறது. ஆனால் சிமெண்டு பூசி வர்ணம் அடித்த சுவரில் இழப்பது நூற்றில் இரண்டு பங்கு அளவே. கிரானைட்டுத் தரையிலும் அப்படித்தான். ஆகையால் ஒருவர் பேசி முடித்த பின்னும் அந்தச் சொல் கூடத்தில் தங்கி நிற்கிறது. அதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

இதை எதிரொலி என்று சொல்லக்கூடாது. எதிரொலி தனியாகப் பிரிந்து கேட்கும். அதற்குத் தடுப்புச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். கூடத்தில் நிகழ்வது எதிர்முழக்கம். நூற்றுக்கணக்கான சிறு எதிரொலிகள் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று கலந்துவிட்ட நிலை அது.

இதனால் மிகவும் பாதிக்கப்படுவது மெய்யெழுத்துகளே. உயிரெழுத்தின் ஓசை உரத்தது, நீண்டது. மெய்யெழுத்தின் ஓசையோ மெலிந்தது, நொடியில் மறைவது. 'காட்டு', 'காத்து', 'காப்பு' என்ற மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் 'கா' ஒன்றுதான்; நடுவிலுள்ள வல்லினமே பொருளைப் பிரிக்கிறது. முழங்கும் கூடத்தில் 'கா'வின் வால் அந்த வல்லினத்தை மூடிவிடும். நல்ல செவியுடையவர்கள் முன்பின் சொற்களைக் கொண்டு ஊகித்துக்கொள்வார்கள். செவி மந்தமானவர்களுக்கு அந்த ஊகம் பெரும் உழைப்பு. காதொலிக் கருவியோ பேத்தியின் பேச்சோடு சுவர்களின் முழக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கித் தருகிறது. "பாட்டி, சத்தமாகத்தானே சொல்கிறேன், இன்னும் கேட்கவில்லையா?" என்று சலித்துக்கொள்ளும் பேத்திகள் இதைக் கவனிக்க வேண்டும். சத்தம் போதாமல் இல்லை, தெளிவுதான் போதவில்லை.

இந்த எதிர்முழக்கத்தை முதன்முதலில் அளந்து கணக்கில் கட்டியவரின் கதை சுவையானது. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்னும் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. அதிலிருந்த விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் அதன் முழக்கம் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் பேராசிரியர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லியிருப்பார் அல்லவா? இதைச் சரிசெய்யும்படி வாலஸ் கிளெமென்ட் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைப் பல்கலைக்கழகத் தலைவர் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 27.

சாபினிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழலும், ஒரு கடிகாரமும், தம் சொந்தக் காதுகளும்தான். பகலில் தெருச் சத்தம் கெடுத்தது. எனவே நள்ளிரவுக்குப் பின் வேலை செய்தார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு சேர்ந்து தூக்கி வந்து மண்டபத்தில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்துவார். ஓசை முற்றிலும் அடங்க எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வார். இன்னும் சில மெத்தைகளைச் சேர்ப்பார், மீண்டும் ஊதுவார். விடிவதற்குள் அத்தனை மெத்தைகளையும் உரிய இடத்தில் திருப்பி வைத்துவிட வேண்டும்! தாம் உடுத்தும் உடையும் ஒலியை உறிஞ்சி அளவை மாற்றுகிறது என்று கண்டபின், சோதனையின்போது எப்போதும் ஒரேவகை உடையையே அணிந்தாராம். இவ்வளவு பொறுமை இருந்ததால்தான் அந்த விதி கிடைத்தது.

விதி எளியது. அறையின் கன அளவை அதிலுள்ள மொத்த உறிஞ்சும் அளவால் வகுத்து, 0.161 என்னும் எண்ணால் பெருக்கினால், முழக்கம் அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். உறிஞ்சும் அளவை எப்படி எண்ணுவது? திறந்த ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் விழும் ஒலி முழுவதும் வெளியே போய்விடும், திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் ஓர் அலகு. அந்த அலகுக்கு அவருடைய பெயரையே வைத்து 'சாபின்' என்கிறார்கள். ஒரு மனிதர் ஏறக்குறைய அரை அலகு. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் இந்த விதியைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டப்பட்டது. உலகின் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக இன்றும் அதை மதிக்கிறார்கள்.

நம் கூடத்துக்கு இக்கணக்கைப் போடுவோம். 5, 4, 3 மீட்டர் அளவுள்ள கூடத்தின் கன அளவு 60 கனமீட்டர். அதை 0.161-ஆல் பெருக்க 9.66 வருகிறது. சோபா, திரைச்சீலை, நான்கு பேர் எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் அளவு 8 அலகு என்று வைத்துக்கொண்டால், முழக்க நேரம் 1.2 விநாடி. இப்போது 20 சதுர மீட்டர் கூரை முழுவதும், விழும் ஒலியில் 60 விழுக்காட்டை உறிஞ்சும் அட்டை போடுகிறோம். 12 அலகு கூடுகிறது. வெறும் கூரை உறிஞ்சிக்கொண்டிருந்த 0.4-ஐக் கழித்துவிட்டால், மொத்தம் 19.6. முழக்க நேரம் அரை விநாடிக்குச் சற்றே குறைவாக இறங்கிவிடுகிறது. வகுப்பறைகளுக்கு 0.6 விநாடி என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. நம் கூடம் அதைவிட நல்ல நிலைக்கு வந்துவிட்டது. 'காட்டு'க்கும் 'காத்து'க்கும் இனி வேறுபாடு தெரியும்.

ஆனால் சத்தத்தின் அளவு எவ்வளவு குறைந்தது? அதையும் கணக்கிட்டால் ஏறத்தாழ 4 டெசிபல் மட்டுமே. நம் காதுக்கு ஓசை பாதியாகக் குறைந்ததாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே கூரை அட்டை போட்டவுடன் மிக்ஸி மௌனமாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். மிக்ஸியின் அருகில் நிற்கும் அம்மாவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே மாறாது. ஏனெனில் அவர் காதுக்கு நேராக வரும் ஒலி கூரையைத் தொட்டு வருவதில்லை. தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கே இலாபம். இன்னொரு நன்மையும் உண்டு. சொற்கள் தெளிவாகக் கேட்பதால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டத் தேவையில்லை; ஒருவரையொருவர் மிஞ்சி உரக்கப் பேசவும் தேவையில்லை. அட்டையால் வரும் அமைதியைவிட, அதனால் வீட்டார் தாமே குறைத்துக்கொள்ளும் சத்தத்தால் வரும் அமைதி பெரிது என்பது என் கருத்து.

இந்த அட்டை ஒலியை எப்படி விழுங்குகிறது? அதனுள் ஒன்றோடொன்று தொடர்புடைய கோடிக்கணக்கான நுண்வழிகள் இருக்கின்றன. ஒலி அலையால் முன்னும் பின்னும் அசையும் காற்று அவ்வழிகளில் நுழைந்து உராய்கிறது. உராய்வினால் ஒலி ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வெப்பம் என்றவுடன் கூரை சூடாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பேச்சொலியின் ஆற்றல் அவ்வளவு அற்பமானது. இங்கே முக்கியமானது, வழிகள் ஒன்றோடொன்று இணைந்து, மேற்பரப்பில் திறந்திருக்க வேண்டும் என்பதே. தெர்மோகோலிலும் காற்றறைகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் மூடிய சிமிழ். காற்று நுழைய வழியில்லை. ஆகவே தெர்மோகோல் அட்டை ஒலியை உறிஞ்சுவதும் இல்லை, எடை இல்லாததால் தடுப்பதும் இல்லை. தீப்பிடித்தாலோ கரும்புகையுடன் எரியும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதும் இத்தகைய நம்பிக்கையே. கடைக்காரருக்கு அட்டை மிச்சம், நமக்குத் தூசி மிச்சம்.

பலர் வீட்டில் விளக்குகள் பதித்து அழகுக்காகப் போடுகிறார்களே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதுவும் இந்த வகையில் சேராது. வழவழப்பான ஜிப்சம் பலகை ஒலியைப் பெரும்பாலும் திருப்பியே அனுப்பும். துளைகள் இட்டு, பின்னால் பஞ்சு போன்ற இழைப்படலம் வைத்த ஜிப்சம் பலகை வேறு, அது உறிஞ்சும். வேலையை ஒப்பந்தம் பேசுகிறவர்கள் "ஃபால்ஸ் சீலிங்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இவ்வட்டைகளின் முன்னோர்களில் ஒருவர் நமக்கு மிகவும் பழக்கமானவர்: கரும்புச் சக்கை! 1920-களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஆலையில் பிழிந்தபின் எஞ்சிய சக்கையை அழுத்திப் பலகையாக்கினார்கள். அப்பலகையில் வரிசையாகத் துளையிட்டு, 'அகௌஸ்டி-செலோடெக்ஸ்' என்ற பெயரில் கூரைக்கு விற்றார்கள். துளைகள் இருந்ததால் மேலே வர்ணம் அடித்தாலும் ஒலி உள்ளே போக வழியிருந்தது. நம் ஊரில் கரும்புச் சக்கை காகிதமாகிறது, அங்கே மௌனமாயிற்று. பிற்காலத்தில் பாறையையோ உலோகக் கசடையோ உருக்கி நூலாக்கிய கனிம இழையுடன், பெர்லைட், களிமண், மாவுப்பசை, பழைய செய்தித்தாள் கூழ் ஆகியவற்றைக் கலந்து செய்யும் அட்டைகள் பரவின. இடைக்காலத்தில் சில நாடுகளில் செய்த அட்டைகளிலும் கூரைப் பூச்சுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடியது. பழைய கட்டடங்களில் பழைய அட்டைகளை உடைத்தோ சுரண்டியோ எடுக்க முற்படுவோர் முதலில் அதைச் சோதித்தறிய வேண்டும்.

இங்கே நம் சகோதரிகள், "அப்படியானால் கோவிலிலும் இதைப் போடலாமா?" என்று கேட்கக்கூடும். அவசரப்பட வேண்டாம். நியூயார்க்கின் புனித தோமா ஆலயத்தில், சாபினே இளைய குவாஸ்தவினோ என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து உருவாக்கிய, ஒலி உறிஞ்சும் ஓடுகளைப் பதித்தார்கள். பிரசங்கம் தெளிவாகக் கேட்டது. ஆனால் ஆர்கன் இசையும் பாடகர் குழுவின் குரலும் உயிரிழந்து ஒலித்தன. பல ஆண்டுகளுக்குப் பின் அவ்வோடுகளின் துளைகளை அடைக்கும் பூச்சைப் பூச வேண்டியதாயிற்று. பேச்சுக்கு ஏற்ற அறை பாட்டுக்கு ஏற்றதன்று. வீட்டுக் கூடத்திலும், வீணையோ வயலினோ பயிலும் பிள்ளைகள் இருந்தால், கூரை முழுவதையும் மூடாமல் பாதியளவு மூடுவது நலம்.

இனி, மிகுதியாகப் பணம் வீணாகும் இடத்துக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அடுக்குமாடி வீட்டில் முதல் மாடியில் வசிக்கிறது. மேல் வீட்டில் விடிகாலை ஐந்து மணிக்குக் கிரைண்டர் ஓடும். பிளஸ் டூ படிக்கும் மகள் எழுந்து படிக்கும் நேரமும் அதுவே. கூரை வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்து, "இந்த டைல் போட்டால் மேல்வீட்டுச் சத்தம் எறும்பளவுகூட இறங்காது" என்று உறுதி கூறினார். மகளின் கல்லூரிக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதி செலவாயிற்று. வேலை முடிந்த மறுநாள் காலை கிரைண்டர் முன்போலவே முழங்கியது. சொல்லப்போனால் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கூடத்திலிருந்த மற்ற ஓசைகள் அடங்கிவிட்டபடியால் அது ஒன்றே தனித்து நின்றது.

ஏன் இப்படி? ஒலியை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. துவாலை தண்ணீரை உறிஞ்சும். அதற்காகக் குழாய் வாயில் துவாலையைக் கட்டித் தண்ணீரை நிறுத்த முடியுமா? தடுப்பதற்கு வேண்டியது எடையும் இடுக்கில்லாத அடைப்பும். ஒரு சுவரின் எடையை இருமடங்காக்கினால், அதைக் கடந்து வரும் ஒலி கொள்கையளவில் 6 டெசிபல் குறையும். நம் வீடுகளின் கான்கிரீட் தளம் ஏற்கெனவே எடை மிகுந்தது. அதன்மேல் பேசும் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. அதற்குக் கீழே பஞ்சுபோன்ற லேசான அட்டையைத் தொங்கவிடுவதால் தடுப்புச் சக்தி சிறிதளவே கூடும். கிரைண்டரின் கதையோ முற்றிலும் வேறு. அது காற்று வழியே வருவதில்லை. அதன் அதிர்வு தளத்தையே அசைக்கிறது. தளத்தோடு தூணும் சுவரும் சேர்ந்து அசைகின்றன. கூரையை மூடினாலும் சுவர் பேசும். நாற்காலி இழுப்பது, இஞ்சி பூண்டு இடிப்பது, பிள்ளைகள் குதிப்பது எல்லாம் இந்த இனமே.

இதற்கு மருந்து ஓசை பிறக்குமிடத்தில்தான். அந்தக் குடும்பத்தின் அம்மா ஒருநாள் மேலே போய், "அக்கா, பெண்ணுக்குப் பரீட்சை..." என்று மெல்லப் பேச்சை எடுத்தார். மேல்வீட்டு அம்மா கிரைண்டரைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி, அடியில் கனமான ரப்பர் விரிப்பைப் போட்டார். பாதிக்கு மேல் தொல்லை தீர்ந்தது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தேங்காய் நார்ப் பாய், இடிக்கும் உரலுக்கு அடியில் மடித்த சாக்கு ஆகியவை மேல்வீட்டார் மனம் வைத்தால் ஆகக்கூடிய காரியங்கள். அதனால்தான் இவற்றைக் கேட்பதற்கு அட்டை வாங்குவதைவிடத் துணிவு வேண்டியிருக்கிறது.

தெருவிலிருந்து வரும் இரைச்சலுக்கு வாசல் ஜன்னலே. நூறு சதுர அடிச் சுவரில் ஒரே ஒரு சதுர அடி திறப்பு இருந்தாலும், சுவர் எவ்வளவு கனமாயினும் 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்க முடியாது. கதவின் அடி இடுக்கும் ஜன்னல் சட்டத்தின் இடைவெளியும் இக்கணக்கில் சேரும். கோடைகாலத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று கேட்டால், அதற்கு இயற்பியலில் மலிவான விடை இல்லை. படிக்கும் மேசையைத் தெருப்பக்க அறையிலிருந்து பின்பக்க அறைக்கு மாற்றுவதுதான் செலவில்லாத வழி. பின்கட்டு வீடுகள் கட்டிய நம் முன்னோர் இதை அறிந்தே செய்தார்களோ என்னவோ!

மேசையை எந்தப் பக்கம் போடுவது என்பது அற்பக் காரியம் அன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. நியூயார்க் நகரில் மேன்ஹாட்டனின் வடபகுதியில் 98-ஆம் எண் பொதுப்பள்ளி என்று ஒன்று. அதன் ஒரு பக்கத்தில், 220 அடி தூரத்தில், உயர்த்திக் கட்டிய பாதையில் இரயில் ஓடும். ஏறக்குறைய நான்கரை நிமிடத்துக்கு ஒரு முறை இரயில் கடக்கும்போதெல்லாம் அப்பக்கத்து வகுப்பறைகளில் ஆசிரியை பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. மறுபக்கத்து வகுப்பறைகள் அமைதியானவை. லீமன் கல்லூரியில் உளவியல் கற்பித்த ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற அம்மையாரிடம் படித்த ஒரு பெண்மணியின் குழந்தை இப்பள்ளியில் பயின்றது. அந்தத் தாயின் குறையைக் கேட்ட அம்மையார், வெறும் முறையீடு போதாது, அளந்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரே பள்ளி, ஒரே பாடம், இரண்டு பக்கம். இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டார். இரயில் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை பின்தங்கியிருந்தார்கள். மெக்கார்த்தி என்பவருடன் சேர்ந்து 1975-இல் இதை வெளியிட்டார்.

அளந்து காட்டிய பின் அதிகாரிகளால் தட்டிக்கழிக்க முடியவில்லை. இரயில்வே துறை தண்டவாளங்களுக்கு அடியில் ரப்பர் திண்டுகள் வைத்தது. கல்வித் துறை இரைச்சல் மிகுந்த அறைகளில் ஒலி உறிஞ்சும் கூரை போட்டது. பின்பு அம்மையார் மீண்டும் மதிப்பெண்களைப் பார்த்தார். 1981-இல் வெளியான முடிவின்படி இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாக வாசித்தார்கள்! இதில் கூரை அட்டையின் பங்கு எவ்வளவு, ரப்பர் திண்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிறக்குமிடத்தில் ஒன்று, கேட்குமிடத்தில் ஒன்று என இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன.

அட்டை போடத்தான் வேண்டும் என்று முடிவு செய்த இல்லத்தரசிகளுக்குச் சில குறிப்புகள். விற்பவரிடம் என்.ஆர்.சி. என்ற எண்ணைக் கேளுங்கள். 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் அட்டை உறிஞ்சும் பங்கின் சராசரி அது. கனிம இழை அட்டைகளில் பொதுவாக 0.5 முதல் 0.75 வரை இருக்கும். அந்த எண்ணில் 250-க்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஓசைகள் அடங்கவில்லை. மோட்டாரின் 'கும்' என்ற ஓசைக்கு அது சாட்சி சொல்லாது. தாழ்ந்த ஓசையை ஓரளவேனும் பிடிக்க, அட்டையைக் கூரையோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். நிலை அலைகளைப் பற்றிப் படித்த மாணவியர்க்குக் காரணம் தெரியும். கெட்டியான பரப்பை ஒட்டிய காற்று அசைய முடியாது. கால் அலைநீளம் தள்ளியே அது மிகுதியாக அசையும். 500 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் 17 சென்டிமீட்டர். அசையும் காற்று இருக்குமிடத்தில் அட்டை இருந்தால்தானே உராயும்?

தொங்கவிட்டால் அறையின் உயரம் குறையும். நம் வீடுகளில் சீலிங் ஃபேன் ஒரு சிக்கல். ஃபேனின் கொக்கி கான்கிரீட்டிலேயே இருக்க வேண்டும். அட்டையின் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்காது. தண்டை நீளமாக்கி இறக்கும்போது இறக்கை கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடக் கூடாது. உயரம் குறைந்த வீட்டில் இந்த வேலையே வேண்டாம். மொட்டைமாடியில் ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். ஈரம் பட்ட அட்டை மஞ்சள் கறை பிடித்து, வயிறு சரிந்து, ஒரு மழைநாளில் சோபாவின் மேல் வந்து விழும். சில ஆண்டுகள் கழித்து அழுக்கடைந்தால் சாதாரணச் சுவர் வர்ணத்தைப் பிரஷ்ஷினால் பூசிவிடாதீர்கள். நுண்துளைகள் அடைபட்டு, வாங்கிய பயன் அத்தனையும் போய்விடும். மேலே எலி, பல்லி குடியேறாமல் ஓரங்களை அடைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சாபின் செய்ததேதான். வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஜமக்காளம், கம்பளி அனைத்தையும் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்து நிறுத்துங்கள். முதலில் கைதட்டிக் கேளுங்கள். முன்பு நீண்ட ஓசை இப்போது 'டப்' என்று நின்றுவிடும். பிறகு பாட்டியை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அமர வைத்து, எதிர்மூலையிலிருந்து செய்தித்தாளை வழக்கமான குரலில் படித்துக் காட்டுங்கள். நாலைந்து மெத்தைகள் முழுக் கூரைக்கு ஈடாகா. என்றாலும் போகும் திசை தெரிந்துவிடும். பாட்டிக்கு முன்னைவிட நன்றாக விளங்கினால் கூரை அட்டை உங்கள் வீட்டுக்குப் பயன்படும். மெத்தைகள் நிற்கும்போதே மேல்வீட்டுச் சத்தத்தையும் தெருச் சத்தத்தையும் கவனியுங்கள். அவை கொஞ்சமும் மாறவில்லையென்றால், அட்டை போட்ட பிறகும் அவை மாறப்போவதில்லை. மாலை விளக்கு வைப்பதற்குள் மெத்தைகளை அவரவர் கட்டிலில் திருப்பிப் போட்டுவிடுங்கள்.